அயலான் சொல்: பாக்கு நீரிணையில் பேசும் உரிமை

ஒரு நாடு தன் எல்லையை எப்படிக் காக்கிறது, யாரை உள்ளே விடுகிறது, யாரைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறது என்பதைப் பற்றி அடுத்த நாட்டுக் குடிமகன் கருத்துச் சொல்லலாமா, சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது அரசியல் தத்துவத்தில் நெடுங்காலம் ஓரத்தில் கிடந்த கேள்வி. குடிமகனுக்கும் அவனுடைய அரசுக்கும் இடையிலான கடமைகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பக்கத்து நாட்டு அரசிடம் அவன் எதைக் கேட்கலாம் என்பதைப் பற்றி அண்மைக் காலம் வரை எழுதப்பட்டவை கொஞ்சம்தான்.

இராமநாதபுரம் கடற்கரையில் இது அன்றாடக் கேள்வி. பாக்கு நீரிணையின் ஒரு கரையில் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம். எதிர்க்கரையில் நெடுந்தீவு, யாழ்ப்பாணம், மன்னார், தலைமன்னார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. கடல்தான். இரு கரையிலும் பேசப்படுவது தமிழ். அயல்நாட்டான் சொல்வது பல எல்லைகளில் மொழிபெயர்ப்பாளர் வழியாக, தணிந்தோ திரிந்தோதான் போய்ச் சேரும். இங்கே சென்னையில் ஒரு மேடையில் பேசியது அன்று மாலையே யாழ்ப்பாணத்தில் சொல்லுக்குச் சொல் புரிகிறது; யாழ்ப்பாணத்தில் ஒரு மீனவர் சங்கத் தலைவர் கொடுத்த பேட்டி ராமேஸ்வரம் துறைமுகத்தில் அப்படியே எட்டுகிறது. கேட்பவருக்குப் புரியவில்லை என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

கோடு

இந்த எல்லை மிகவும் இளையது. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் தங்களைச் சேதுவின் காவலர்களாகக் கருதினர். எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் ‘சேது’ என்று பொறித்த காசுகளை வெளியிட்டனர். ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்திரிகர்களின் வழியையும் முத்துக்குளிப்பின் வருவாயையும் பற்றி அவர்களுக்குள் போட்டி இருந்திருக்கலாம். ஆனால் கடலின் நடுவே கோடு கிழித்து இப்பக்கம் எனது, அப்பக்கம் உனது என்று சொல்லும் பழக்கம் காலனி ஆட்சியோடு வந்தது. 1921இல் சென்னை மாகாண அரசும் இலங்கை அரசும் கொழும்பில் கூடி மீன்பிடி எல்லை ஒன்றை வகுத்தன. அந்தக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே 3 மைல் தள்ளிச் சென்றது. தீவு இராமநாதபுரம் ஜமீனுக்குரியது என்ற கோரிக்கையை இந்தியத் தரப்பு அப்போது விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சு முடிவு பெறாமலே நின்றது.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட உடன்பாடு ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்தது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் தீவுக்கு வரலாம் என்று அதன் 5ஆம் பிரிவு சொன்னது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்குமான எல்லை வகுக்கப்பட்டபோது பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டு நீர்ப்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. இந்தியாவில் அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஜனவரி 31 அன்றே மாநில அரசு கலைக்கப்பட்டிருந்தது. 1974 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இராமநாதபுரம் உறுப்பினர் பி. கே. மூக்கையாத் தேவர் தம் தொகுதியின் பெயரால் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார். இரண்டாவது உடன்பாட்டின்போது அந்த அளவு ஓசைகூட எழ வழியில்லை.

இந்த வரலாற்றில் தத்துவக் கேள்விக்கு வேண்டியது ஒரே ஒரு செய்தி. கோடு போடப்பட்டபோது அந்தக் கடலில் தொழில் செய்தவர் எவரும், எந்தக் கரையிலும், கேட்கப்படவில்லை. இன்று அயலான் பேச்சு என்று எது ஒதுக்கப்படுகிறதோ, அது அப்போது கேட்கப்படாமல் போன பேச்சின் மிச்சம்.

‘உள்நாட்டு விவகாரம்’ என்னும் தடை

அயலான் பேசக் கூடாது என்போரின் முதல் வாதம் இறைமை. ஒரு நாட்டின் எல்லையும் சட்டமும் அந்நாட்டு மக்களுக்குரிய காரியம் என்பதும், அயலார் அதில் தலையிடலாகாது என்பதும் ஐக்கிய நாடுகள் சாசனத்திலும் 1954இன் பஞ்சசீலத்திலும் இடம்பெற்ற கொள்கைகள். இக்கொள்கை யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசுகளின் படைக்கும் பணத்துக்கும் மிரட்டலுக்கும் அது கட்டுப்பாடு. தங்கச்சிமடத்து மீனவர் இலங்கைச் சட்டத்தைக் குறைகூறுவதோ, நெடுந்தீவு மீனவர் தமிழ்நாட்டு மீன்வளத் துறையைக் குறைகூறுவதோ தலையீடு ஆகாது. தலையிடுவதற்கு அவர்களிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதிய இம்மானுவேல் காண்ட்டும், ஒரு நாட்டின் அமைப்பில் மற்றொரு நாடு வன்முறையால் தலையிடுவதைத்தான் விலக்கினார். அதே நூலில், வேற்று மண்ணுக்கு வந்து சேர்ந்தவன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையையும் அவர் வலியுறுத்தினார். குடியேறும் உரிமையை அல்ல, வந்துபோகும் உரிமையை. கச்சத்தீவுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு விசா வேண்டாம் என்ற 1974இன் பிரிவு, காண்ட்டைப் படிக்காமலே அதிகாரிகள் எழுதிய காண்ட்டிய வாசகம் என்று சொல்லலாம்.

தமிழ் மரபில் இந்தச் சிக்கலுக்குப் பழைய சாட்சி புறநானூற்றின் 47ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்ல முற்படுகிறான். கோவூர்கிழார் குறுக்கிட்டுக் காப்பாற்றுகிறார். பகை நாட்டிலிருந்து வருபவனின் சொல்லை உளவாகவே கேட்கும் அரசனின் செவியும், பரிசிலர் வாழ்க்கை பிறருக்குத் தீங்கு எண்ணாதது என்று விளக்கி அந்தச் செவியைத் திருத்தும் புலவரும் அதில் எதிரெதிரே நிற்கின்றனர். அதிகாரத்தைத் தேடாதவன் என்பதே இளந்தத்தனுக்குக் கிடைத்த காப்பு.

ஆனால் இறைமை வாதத்தை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. பேசுபவன் எளியவனாக இருந்தாலும் அவன் நாடு பெரியதாக இருந்தால் அவன் சொல்லுக்குப் பின்னால் கடற்படையின் நிழல் விழுகிறது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நினைவு, சிங்களவருக்கும் தமிழருக்கும் வெவ்வேறு காரணங்களால் கசப்பானது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து எழும் ஒரு கோரிக்கை கோரிக்கையாக மட்டும் கொழும்பில் கேட்பதில்லை. நெடுந்தீவிலிருந்து எழும் கோரிக்கைக்கு இந்தச் சுமை கிடையாது. பெரிய நாட்டின் குடிமகன் தன் சொல்லின் எடையை, தான் உத்தேசித்ததைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது; அக்கரையில் அது என்னவாகக் கேட்கும் என்பதும் அவன் கணக்கில் சேர வேண்டும்.

உறவு

பேசும் உரிமைக்குத் தமிழ்நாட்டில் வழக்கமாகக் காட்டப்படும் ஆதாரம் இனஉறவு. ‘தொப்புள்கொடி உறவு’ என்ற தொடர் மேடைகளில் தேய்ந்துபோன அளவுக்குப் பழக்கமானது. ஈழத்தில் நடப்பதைப் பற்றிச் சென்னையிலும் மதுரையிலும் பேசுவதற்கு இந்த உறவே போதும் என்று கருதப்படுகிறது. இதில் உண்மை உண்டு. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கு மக்களின் துயரத்தை வெளியே சொன்ன குரல்களில் தமிழ்நாட்டுக் குரல் பெரியது.

மீன்பிடித் தகராறில் இதே உறவு தலைகீழாகத் திரும்பியது. 1983 முதல் 2009 வரை வடபகுதி மீனவர்களைக் கடற்படைத் தடைகள் கரையிலேயே முடக்கின. அதே காலத்தில் இக்கரையில் விசைப்படகுகள் பெருகின. 2009க்குப் பிறகு வடக்கு மீனவர்கள் கடன் வாங்கி வலையும் எஞ்சினும் வாங்கிக் கடலுக்குத் திரும்பியபோது, இரவில் நூற்றுக்கணக்கான இழுவைப் படகுகள் தங்கள் கரைக்கு அருகே வந்து வலைகளை அறுத்துச் செல்வதைக் கண்டனர். அவர்கள் முறையிட்டபோது கிடைத்த பதில்களில் ஒன்று, தமிழனைத் தமிழனே காட்டிக்கொடுக்கலாமா என்பது. கொழும்பு அரசு அவர்களைத் தூண்டிவிடுகிறது என்றும் சொல்லப்பட்டது. உறவு என்ற சொல் பேசும் உரிமையைத் தருவதற்குப் பதில் வாயை அடைக்கப் பயன்பட்டது.

திருக்குறளின் நட்பு பற்றிய அதிகாரங்களை வைத்துப் பார்த்தால் இது விந்தையான திரிபு. நண்பன் வரம்பு மீறும்போது முற்பட்டுக் கண்டிப்பதற்காகவே நட்பு என்பது வள்ளுவர் கருத்து. அரசியல் பகுதியிலோ, கண்டித்துச் சொல்ல ஆளில்லாத அரசைக் கெடுக்கத் தனியே பகைவர் தேவையில்லை என்கிறார். தொப்புள்கொடி உறவு உண்மையானால் அதன் முதல் பயன் யாழ்ப்பாணத்தான் ராமேஸ்வரத்தானைக் கண்டிக்க முடிவதாக இருந்திருக்க வேண்டும்.

கண்டிப்பு வரத்தான் செய்தது. கடலடியில் இழுவைமடி இழுப்பதை இலங்கையில் முற்றாகத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் 2017 ஜூலையில் நிறைவேறியது. அதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தவர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம். ஏ. சுமந்திரன். 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை மீனவர்கள் படகுகளில் சென்று நடத்திய கண்டனப் பயணத்திலும் அவர் இருந்தார். தமிழ்நாட்டில் இதைத் துரோகம் என்று பார்த்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் மீன்பிடிக் கொள்கையைப் பற்றி ஓர் அயல்நாட்டுத் தமிழர் சட்டத்தின் வழியாகச் சொன்ன விமரிசனம் என்று பார்த்தவர்கள் குறைவு.

வலைக்குள் இருப்பவர்

இறைமை வாயை மூடச் சொல்கிறது. உறவு சிலருக்கு மட்டும் திறந்துவிடுகிறது. இரண்டையும் விட உறுதியான அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு முடிவு யாரைப் பாதிக்கிறதோ அவருக்கு அதைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு என்பது அது. ஆராஷ் அபிசாதே என்ற அரசியல் தத்துவ அறிஞர் 2008இல் இதை எல்லைக்கே பொருத்திக் காட்டினார். எல்லை என்பது உள்ளே இருப்பவர் மீது மட்டும் செயல்படும் அதிகாரம் அல்ல. வெளியே நிறுத்தப்படுபவர் மீதும் அது வலுக்கட்டாயத்தைச் செலுத்துகிறது. குடியாட்சியில் வலுக்கட்டாயத்துக்கு உட்படுபவருக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால், எல்லை பற்றிய காரணத்தை இரு பக்கத்தாருக்கும் சொல்லியாக வேண்டும் என்பது அவர் வாதம். பாதிக்கப்படுவோர் என்று கணக்கெடுத்தால் உலகமே வந்துவிடும் என்று இதை மறுப்பவர்கள் சொல்வர். பாக்கு நீரிணையில் அந்தச் சிக்கல் இல்லை. பாதிக்கப்படுவோர் யார் என்பது துறைமுகம் துறைமுகமாகத் தெரியும்.

இழுவைமடி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கனத்த பலகைகளோடு கூம்பு வடிவ வலையைக் கடலடித் தரையில் உரசியபடி எஞ்சின் பலத்தில் இழுப்பது அந்த முறை. இறாலோடு குஞ்சு மீன், சங்கு, கடற்புல், பாசி எல்லாம் வாரி ஏறும். விலைபோகாதவை கடலிலேயே கொட்டப்படும், அல்லது கோழித்தீவனத்துக்குக் காயும். நீரிணை ஆழம் குறைந்தது, தரை சேறும் மணலுமானது. ஆகவே இழுவைக்கு வசதியானது, சீக்கிரம் வெறுமையாவதும்கூட. இம்முறை இந்தத் தொழிலின் தொன்மையான மரபு அல்ல. 1950களில் கேரளத்தில் நார்வே உதவியோடு தொடங்கிய இயந்திரமயம், ஏற்றுமதி இறாலின் விலை, அரசு மானியம் ஆகியவற்றோடு 1960களுக்குப் பிறகு இக்கரைக்கு வந்தது.

வந்தவுடன் முதலில் எதிர்த்தவர்கள் இலங்கை மீனவர்கள் அல்லர். இதே கரையின் நாட்டுப்படகு மீனவர்கள். வலைகள் அறுந்தன, அடிதடிகள் நடந்தன. தமிழ்நாடு அரசு 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்பது விதி. பாக்கு நீரிணைக் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு மீதி 4 நாள் என்ற ஏற்பாடும் நிலைத்தது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் டோக்கன் வாங்கிப் போகும் நாள்கள் திங்கள், புதன், சனி. விதிகள் முழுதாகக் கடைப்பிடிக்கப்படுவதில்லை என்று பாம்பன் நாட்டுப்படகு மீனவரைக் கேட்டால் தயங்காமல் சொல்வார். ஆனாலும் அவருடைய குறை நியாயமானது என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அந்த விதி.

இங்கேதான் எல்லையின் அறவியல் கூர்மையாகிறது. பாம்பன் நாட்டுப்படகுக்காரரின் குறையும் நெடுந்தீவு வள்ளத்துக்காரரின் குறையும் ஒன்றே. வலை ஒன்று, சேதம் ஒன்று, சில சமயம் படகும் ஒன்று. முன்னவர் பேசினால் அது குடிமகனின் முறையீடு; அதற்கு 3 மைல் விலக்கும் 4 நாள் ஒதுக்கீடும் உண்டு. பின்னவர் பேசினால் அது அயல்நாட்டாரின் அரசியல். குறைக்குள் எந்த வேறுபாடும் இல்லாதபோது கேட்பவரின் செவியில் மட்டும் வேறுபாடு இருக்கிறது. குடியுரிமை என்பது ஒருவர் யாருக்கு வாக்களிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கலாம். ஒருவர் சொல்லும் குறை உண்மையா என்பதை அது எப்படித் தீர்மானிக்கும் என்பதற்கு இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. ஆடம் ஸ்மித் பேசிய நடுநிலைப் பார்வையாளரை 2009இல் நீதி பற்றிய தம் நூலில் அமர்த்தியா சென் மீண்டும் எடுத்தபோது வலியுறுத்தியதும் இதுவே: தொலைவிலிருந்து பார்க்கும் கண்களையும் சேர்த்துக்கொள்ளாத நீதி, ஊர்ப்பழக்கத்தை நீதி என்று எண்ணி ஏமாறும். நெடுந்தீவின் கண்கள் அவ்வளவு தொலைவிலும் இல்லை.

கல்லெறியும் தகுதி

பாதிக்கப்பட்டவர் பேசலாம் என்று ஏற்றுக்கொண்டாலும் வேறொரு கேள்வி எஞ்சுகிறது. தானும் அதே தவற்றைச் செய்பவன், அல்லது அத்தவற்றில் பங்குள்ளவன், பிறரைக் கண்டிக்கலாமா? ஜி. ஏ. கோஹன் 2006இல் எழுதிய கட்டுரை இதைப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு கண்டனம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் தகுதி இந்த வாய்க்கு இல்லாமல் போகலாம். ‘நீயும் செய்தாயே’ என்பது கண்டனத்தைப் பொய்யாக்குவதில்லை, கண்டிப்பவரைத்தான் வலுவிழக்கச் செய்கிறது.

இந்தக் கரையின் கத்தோலிக்க மீனவர்கள் பூசையில் கேட்டுப் பழகிய விவிலியத்தில் இதற்கு நேரான ஒரு வரலாறு உண்டு. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெற்கு நாடான யூதாவின் தெக்கோவா ஊரைச் சேர்ந்த ஆமோஸ், ஆடு மேய்த்தும் அத்திமரம் பேணியும் பிழைத்தவர், எல்லை தாண்டி வடக்கு நாடான இஸ்ரயேலுக்குப் போய் அந்நாட்டு அநீதிகளைக் கண்டிக்கிறார். பெத்தேல் குரு அமட்சியா அவரிடம், உன் நாட்டுக்கே ஓடிப்போய் அங்கே பேசிப் பிழைத்துக்கொள் என்கிறான். அயலான் சொல்லுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்கும் பதில். ஆனால் ஆமோசின் நூல் எந்த வரிசையில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமஸ்கு, காசா, தீர், ஏதோம், அம்மோன், மோவாபு என்று சுற்றிலும் உள்ள நாடுகளைக் குற்றம்சாட்டி, அடுத்துத் தம் சொந்த நாடான யூதாவையும் அதே கூண்டில் நிறுத்திய பிறகே இஸ்ரயேலுக்கு வருகிறார். குர்ஆனின் 4ஆம் அத்தியாயமும் தனக்கும் தன் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக நேர்ந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது.

இந்த அளவுகோலில் இரு கரையையும் வைத்துப் பார்க்கலாம். ராமேஸ்வரம் மீனவரின் புகார்கள் பொய்யல்ல. கடலில் துப்பாக்கிச்சூட்டிலும் ரோந்துக் கப்பல் மோதலிலும் உயிர்கள் போயிருக்கின்றன. எல்லை தாண்டுவது எந்தச் சட்டத்திலும் மரண தண்டனைக்குரிய குற்றமல்ல. 2008 அக்டோபரில் மீன்பிடிப் படகுகள் மீது சுடுவதில்லை என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட பிறகும் சாவுகள் நிற்கவில்லை. 2018இல் கடுமையாக்கப்பட்ட இலங்கைச் சட்டம் கோடிக்கணக்கில் அபராதம் விதிக்க வழிசெய்தது. பிடிபட்ட படகுகள் மயிலிட்டித் துறையில் கிடந்து மக்கின. சிறையில் இருப்பவர் பெரும்பாலும் பங்குக்கோ கூலிக்கோ கடலுக்குப் போனவர். படகின் முதலாளி கரையில் இருக்கிறார். பிறநாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கூடாது என்ற 1982 கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவையும் சிலர் சுட்டுகின்றனர். அது தனிப்பொருளாதார மண்டலத்துக்கான விதி. பாக்கு நீரிணையை இரு நாடுகளும் வரலாற்று நீர்ப்பரப்பாகக் கருதுவதால் இங்கே நேராகப் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. எனினும் அதன் அறக்காரணம் இங்கேயும் பொருந்தாமல் போகாது.

இத்தனை நியாயங்களையும் வலுவிழக்கச் செய்வது இழுவைமடி பற்றிய மௌனம். கடலில் கோடு தெரியாது, காற்று தள்ளிவிட்டது என்பவை ஜிபிஎஸ் வந்த பிறகு பாதி உண்மைதான். 3 மைல் விலக்கையும் எல்லைக் கோட்டையும் கழித்தால் ராமேஸ்வரத்துக்கு எதிரே எஞ்சும் நீர்ப்பரப்பு குறுகலானது என்பதும், அது தேய்ந்துவிட்டது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். அங்கே தேய்த்தது யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இலங்கையின் வாயும் சுத்தமில்லை. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீன் இறக்குமதிக்குத் தடை விதித்து, அடுத்த ஆண்டு நீக்கியது. தென்னிலங்கையின் பலநாள் படகுகள் இந்தியக் கடற்பரப்பில் பிடிபடுவதும் உண்டு. கொழும்பின் அமைச்சர் இந்தியரின் எல்லை மீறலைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு குறுக்கே நிற்கிறது. நெடுந்தீவு மீனவர் பேசும்போது நிற்பதில்லை; பலநாள் படகு அவருடையதல்ல. கண்டனத்தின் தகுதியை நாடு என்ற அளவில் அளப்பதில் உள்ள பிழை இதில் தெரிகிறது. ஒரு நாட்டின் குற்றம் அதன் எல்லாக் குடிமக்களின் வாயிலும் சமமாக ஒட்டுவதில்லை.

பேச்சு கண்டனத்திலிருந்து பேச்சுவார்த்தையாக மாறிய தருணங்களும் இருந்தன. 2004இல் தமிழ்நாட்டு மீனவர் குழு ஒன்று இலங்கைக்குச் சென்றது. 2010 ஆகஸ்டில் வடஇலங்கை மீனவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தனர். இழுவையை ஓராண்டில் கைவிடுவது என்ற அளவுக்கு அப்போது பேச்சு போனது; அரசுகள் அதைப் பின்தொடரவில்லை. 2014இலும் 2015 மார்ச்சிலும் மீண்டும் கூடியபோது இத்தரப்பு 3 ஆண்டு அவகாசம் கேட்டது, அத்தரப்பு மறுத்தது. 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 80 லட்சம் ரூபாய்ப் படகில் 70 சதவீதம் அரசுகளின் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி மீனவர் பங்கு. ஒரு நாள் போய்த் திரும்பும் தொழிலுக்குப் பழகியவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கும் சூரைத் தூண்டிலுக்கு மாறத் தயங்கினர். திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை. அயலான் சொல்லைத் தமிழ்நாடும் தில்லியும் செயலளவில் ஏற்றதற்கு இது ஒன்றுதான் உருப்படியான சான்று. ஏற்றுக்கொண்டோம் என்று யாரும் வெளியே சொல்லவில்லை.

தீவு

கச்சத்தீவைப் பற்றிய பேச்சு வேறு வகை. 2024 மார்ச் 31 அன்று, மக்களவைத் தேர்தலுக்கு முன், காங்கிரஸ் அத்தீவைக் கைவிட்டது என்று பிரதமர் நரேந்திர மோடி குற்றம்சாட்டினார். 2025 ஏப்ரல் 2 அன்று தீவை மீட்க வலியுறுத்தித் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தம் கட்சியின் மதுரை மாநாட்டில் நடிகர் விஜயும் அதையே கேட்டார். செப்டம்பர் 1 அன்று இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க கச்சத்தீவிலேயே போய் இறங்கி, தம் நாட்டின் நிலத்தையும் கடலையும் விட்டுக்கொடுக்க முடியாது என்ற பொருளில் பேசினார். தீவை மீட்க வேண்டுமானால் போர்தான் வழி என்ற பொருளில் 2014இலேயே மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்.

பாதிப்பு, தகுதி என்ற இரண்டு அளவுகோல்களிலும் இந்தப் பேச்சு எடை குறைந்தது. தீவு திரும்பக் கிடைத்தாலும் எல்லைக் கோடு அதன் கிழக்கே கொஞ்சம் நகருமே தவிர, நெடுந்தீவின் கரையோர மீன் இந்தியாவுக்கு வந்துவிடாது. இழுவைமடி தேய்த்த தரை மீளாது. சொல்பவருக்குச் செலவில்லாததும், கேட்பவருக்கு அச்சுறுத்தலாக ஒலிப்பதுமான கோரிக்கை அது. ஆனால் அதன் கீழே ஒரு நியாயமான வலி இருக்கிறது என்பதை மறுக்கக் கூடாது. வலை உலர்த்தவும் கும்பிடவும் போய்வந்த இடத்தைத் தங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள் என்ற வலி. அது தில்லியிடம் சொல்ல வேண்டிய குறை. கொழும்பின் மீது ஏற்றப்பட்டதால் முகவரி மாறிப்போனது.

தீவிலுள்ள அந்தோனியார் கோயிலின் நிலை இதனினும் நுட்பமானது. நம்புதாளை மீனவர் ஒருவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பினார் என்று வழங்கப்படும் அந்தக் கோயில் யாழ்ப்பாணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. புதிய கோயிலை இலங்கைக் கடற்படை கட்டி 2016 டிசம்பரில் திறந்தது. தவக்காலத்தையொட்டி நடக்கும் திருவிழாவில் இரு கரையின் மீனவர்களும் ஒரே மணலில் இரவு தங்குவர். போர் அதைப் பல ஆண்டுகள் நிறுத்தியது. திரும்பவும் எல்லை தாண்டியதாகச் சில மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து 2024 பிப்ரவரியில் ராமேஸ்வரம் விசைப்படகு மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தனர். வழிபாட்டை மறுப்பதே அயல்நாட்டின் எல்லைக் கொள்கை பற்றிய கருத்தாக மாறிய நிகழ்ச்சி அது. கருத்தாக அது வலுவானது. கொழும்பின் செய்தித்தாள்களும் கவனித்தன. இழப்பு வேறிடத்தில் விழுந்தது. அதிகாரிகள் இல்லாமல் இரு தரப்பும் நேருக்கு நேர் உட்காரக் கிடைக்கும் அரிய இரவு அந்த ஆண்டு இல்லாமல் போனது. தண்டனை விதித்த நீதிமன்றத்துக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

முகாம்

பாதிக்கப்படுபவர் பேசலாம் என்ற அளவுகோல் முறியும் இடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களைத் தனிமைப்படுத்தி வைத்த மண்டபம் முகாம், 1983க்குப் பிறகு எதிர்த்திசையில் வந்தவர்களின் நுழைவாயிலானது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள்வரை அங்கே வந்து சேர்ந்தனர். இந்தியாவின் எல்லைக் கொள்கையும் குடியுரிமைக் கொள்கையும் இவர்களைப் போல் வேறு எந்த அயல்நாட்டவரையும் நெருக்கமாகத் தொடுவதில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்த சில சமயத்தவருக்கு வழி திறந்தபோது இலங்கைத் தமிழர் அதில் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, சட்டநிலை மாறவில்லை.

அளவுகோலின்படி முதலில் பேச வேண்டியவர்கள் இவர்களே. நெடுந்தீவு மீனவருக்கு ஒரு சங்கம், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், முற்றுகையிட யாழ்ப்பாணத்தில் ஓர் இந்தியத் துணைத் தூதரகம் உண்டு. ராமேஸ்வரம் மீனவருக்கு வேலைநிறுத்தமும் வாக்கும் உண்டு. முகாமில் இருப்பவர் இருக்கும் நாட்டில் அயலார், பிறந்த நாட்டில் இல்லாதவர். வெளியே போய்வரவே பதிவேடு. அவர் விமரிசித்தால் நன்றியில்லாதவர் என்ற பேச்சு வரும், கண்காணிப்பும் வரலாம். ஆகவே அவரைப் பற்றிக் கட்சிகள் பேசுகின்றன, தீர்மானங்கள் பேசுகின்றன. பேசும் உரிமையைப் பாதிப்பிலிருந்து வருவிக்கும் கோட்பாடு அந்த உரிமையின் இருப்பிடத்தைச் சரியாகக் காட்டிவிடுகிறது; அதைப் பயன்படுத்தும் பாதுகாப்பு எங்கிருந்து வரும் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. அந்தப் பாதுகாப்பைத் தர முடிந்த ஒரே தரப்பு, விமரிசிக்கப்பட வேண்டிய அரசேதான்.